யாரும் பேசாத இடம்

"ஓசியில குடுக்கறவன் எதையாவது புடுங்காம விடமாட்டான்டா," என்றார் அப்பா.

குறும்படம் எடுக்கும் மகன் அதைக் காதில் வாங்கவில்லை. போன மாதம் இறந்துபோன அம்மாவின் வீடியோக்களை வெட்டி ஒட்ட, நாலைந்து இலவச சாஃப்ட்வேர்களை அலசி ஒன்றைப் பிடித்திருந்தான்.

"அவ பேசினது ஒண்ணு விடாம இருக்கணும். என்னைத் திட்டினதுகூட."

"எல்லாம் இருக்கும்ப்பா. யாரும் பேசாத இடத்தை மட்டும் இதுவே வெட்டிடும். அதுக்காகத்தான் இதை எடுத்தேன்."

பட்டனைத் தட்டினான். படம் ஓடியது. அப்பா கத்தினார், மாமா சிரித்தார், மகன் பாடினான். அம்மாவை மட்டும் காணோம்.

"எங்கடா அவ? அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

மகன் படத்தை நிறுத்தினான்.

"அம்மா கையாலதானப்பா பேசுவாங்க... அவங்க ஊமைங்கறதே எனக்கு மறந்துபோச்சு."