சுண்டுவிரல் ஜாடை

"எங்க வம்சத்துல ஆம்பளைங்க எல்லாருக்கும் சுண்டுவிரல் உள்பக்கமா வளைஞ்சிருக்கும். இவனுக்கு ஆணி மாதிரி நேரா நிக்குது. யாரைக் கொண்டு பொறந்திருக்கானோ!"

பேரன் பிறந்ததிலிருந்து மூன்று நாளாக மாமியாருக்கு இதே பாட்டு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மருமகளின் மானத்தை வாங்கினாள்.

மருமகள் உயிரியல் டீச்சர். வளைந்த விரல் மரபணு வழியாக வரலாம், வராமலும் போகலாம், ஆனால் அடிபட்ட தழும்பு பிள்ளைக்கு வரவே வராது என்று பத்து வருஷமாக வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவள்.

இன்று குளிப்பாட்டக் குழந்தையைக் குப்புறப் போட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேற்றுவரை வெறுமையாக இருந்த பிஞ்சு முதுகு முழுக்க ஒரு பெரிய ஆளின் கை சிவப்பாகப் பதிந்திருந்தது. அதில் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது. ஐந்தாம் மாதத்தில், கதவைத் திறக்கத் தாமதமானதற்காகப் புருஷன் அவள் முதுகில் வைத்த அதே அறை.

"ஜாடை கேட்டீங்களே அத்தை, வந்து பாருங்க! உங்க பிள்ளையோட கை!"

மாமியார் பார்த்தாள். அதிர்ச்சியடையவில்லை.

"இவங்கப்பனுக்கும் மூணாம் நாள்தான் வந்துச்சு. பயப்படாதே. முதுகுல மறைஞ்சு கைக்கு இறங்கிடும்."

"வாயை மூடுங்க!" என்று கத்திக்கொண்டே அவள் குழந்தையைத் திருப்பி, மூடியிருந்த கையைப் பிரித்தாள். நாலு விரல்கள் நிமிர்ந்தன. சுண்டுவிரல் மட்டும் எவ்வளவு நீவியும் நிமிரவில்லை.