காஸ்தோவுக்கு லீவு

உள்நாட்டுச் சண்டை நடந்த அரகோன் மலையில், காவல் பள்ளத்துக்குள் காஸ்தோ எரிச்சலோடு உட்கார்ந்திருந்தான். ஊரில் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. லீவு கேட்டுக் கேட்டு அவனுக்கு வாய் வலித்துவிட்டது.

"பொகையிலைய எடுடா," என்றான் பக்கத்தில் குந்தியிருந்த இகினியோவிடம்.

"மொதல்ல நீ சுருட்டுற தாள எடு. போன தடவ நனைஞ்சத என் தலையில கட்டினவன்தானே."

இருவரும் சுருட்டிக்கொண்டிருந்தபோது புது லெப்டினன்ட் வந்து நின்றார். இருவருக்கும் ஒரே மாதிரி தாடி, ஒரே மாதிரி கிழிந்த போர்வை. இகினியோ துள்ளி எழுந்து சல்யூட் அடித்தான். காஸ்தோ உட்கார்ந்தபடியே விழித்தான்.

"இவன்தான்யா சிப்பாய். தோழா, உன் பேரு?"

இகினியோ ஒரு கணம் காஸ்தோவைப் பார்த்தான். "காஸ்தோ."

"பத்து நாள் லீவு. காலைல லாரி ஏறு. ஏய் சோம்பேறி, உன் பேரென்ன?"

காஸ்தோ அவசரமாக எழுந்தான். "இகினியோ."

"நாளைலேர்ந்து கக்கூஸ் குழி நீதான் வெட்டணும்."

அவர் போனதும் காஸ்தோ இகினியோவின் கையைப் பிடித்துக்கொண்டான். "பிள்ளையப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்டா. அதுவரைக்கும் அந்தக் குழிய மட்டும்..."

"போடா. எங்க பக்கத்துல குழி வெட்டியே இடுப்பு ஒடிஞ்சு கெடக்கேன். உங்க பக்கத்துக்கும் நானேவா?"

திட்டிக்கொண்டே, புகையிலைக்குப் பதிலாக வாங்கிய தாளைச் சட்டைக்குள் செருகிய இகினியோ, முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து எதிரியின் பள்ளத்துக்குத் திரும்பிப் போனான்.