மூன்று கோள்கள்

அம்மா சாவுக்கு அண்ணன் போகவில்லை. அன்றோடு தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். இருவருக்கும் நடுவில் மிஞ்சியது இணையத்தில் ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றுதான். அதிலும் அண்ணன் அனுப்பிய சமாதானத் தூதையெல்லாம் தம்பி சுட்டு வீழ்த்தினான்.

"உங்க தம்பி கல்லுளிமங்கன். விட்டுத் தொலைங்க," என்றாள் மனைவி.

"மனுஷனோட ஆடுறதுல அதான் சுகம். லேசுல மசிய மாட்டான். கம்ப்யூட்டர்னா கேட்ட உடனே சரின்னுடும். சப்புன்னு போயிடும்."

இந்த முறை மூன்று கோள்களை விட்டுக்கொடுத்துத் தூது அனுப்பினான். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: 'சமாதானம் ஏற்கப்பட்டது.'

"பாத்தியா, இறங்கி வந்துட்டான்." திரையை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் குனிந்து கீழ்வரியைப் படித்தாள்.

'எதிராளி நிரந்தரமாக விலகிவிட்டார். இனி கம்ப்யூட்டர் ஆடும்.'