காப்பாளர் பெயர்

உயிலில் ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது.

வீடு, நகை, பி.எஃப். எல்லாவற்றுக்கும் அரைமணி நேரத்தில் வழி சொல்லியாகிவிட்டது. நான்கு வயது மகள் ஆதிரையை யார் வளர்ப்பது என்ற இடத்தில்தான் கணவனும் மனைவியும் மூன்று வாரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஏதாவது ஆயிட்டா" என்று வக்கீலம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் சொந்தங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரரின் அண்ணன் துபாயில். பிள்ளையைப் பார்த்ததே இரண்டு முறை. அவளுடைய அப்பாவுக்கு எழுபத்தாறு வயது.

மிச்சம், அவள் தம்பி சுயம்பு.

அவன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். நம்பிக்கை உண்டா என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இருபத்தெட்டு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் தட்டோடு எழுந்து போவான். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது செடி இருக்காது. தொட்டியும் இருக்காது. நன்றாக இருக்கிறதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள், கொடுத்திருப்பான்.

ஆதிரைக்கு அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளைக்கு முன்னால் தாய்மாமன் அழுதான். கோயில் மண்டபமே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

ஆனால் யார் என்று யோசிக்கும்போதெல்லாம் மனசு அந்த மடிக்குத்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தான். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"கிறுக்கு பிடிச்சிட்டாக்கா ஒனக்கு? சோத்துக்கு முன்னால இருந்துக்கிட்டு சாவைப் பத்திப் பேசுத."

"பேசாம இருந்தா மட்டும் வராதாக்கும்? ஒன் பேரை எழுதட்டுமால, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

"என்ன அத்தான் இவ?" என்று அவன் அவள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் ஒன் பேருதான் மாப்ள தோணுச்சு" என்றார்.

அதோடு அவன் சிரிப்பு நின்றது.

மீன்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்குகிறவன் அன்று ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஊற்றியபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முடியாது என்று சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சட்டென்று சரி என்று சொல்லியிருந்தாலும் பயமாகத்தான் இருந்திருக்கும்.

கை கழுவினான். பாயில் கைகாலைப் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்த ஆதிரையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தான். மேலேறிக் கிடந்த கவுனை இழுத்துவிட்டான். அப்படியே எழுந்து படியிறங்கிவிட்டான். போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவசரப்பட்டுவிட்டோம் என்று அவள் நொந்துகொண்டாள். பால்கனிக்கு ஓடினாள்.

கீழே அவன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். வண்டியின் பக்கவாட்டில் ஹெல்மெட் தொங்கியது. வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. சிக்னலில் போலீஸ் தலை தெரிந்தால் மட்டும் இவன் தலைக்கு ஏறும். தாண்டியதும் இறங்கிவிடும்.

ஞாயிறு மதியத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. போலீஸ் இல்லை, நாய்கூட இல்லை.

கிளப்பிய வண்டியை அவன் அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே வாயால் ஊதினான். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துத் தலையில் மாட்டினான்.

தாடைக்குக் கீழே வாரைப் பூட்டத் தெரியாமல் தடுமாறினான். ஒருவழியாகப் பூட்டியதும் இழுத்து இழுத்துப் பார்த்தான்.

அதன் பிறகுதான் கிளம்பினான். மெதுவாகப் போனான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

உள்ளேயிருந்து அவர், "என்ன சொல்லுதான்?" என்று கேட்டார்.

"சரிங்கான்" என்றாள்.