மூன்றாவது பதில்

"பிரேக்?"

"பாத்தாச்சு மேடம்."

"கயிறு?"

"பாத்தாச்சு."

"மேல் சக்கரம்?"

"டெஃபனட்லி பாத்தாச்சு மேடம்."

என் பேனா நின்றது.

லிஃப்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே புது விளக்கு. வெளியே, பத்தொன்பது நாளாகப் படியேறி அலுத்துப்போன குடியிருப்புவாசிகள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து அன்று காலைதான் வந்திருந்த எட்டாம் மாடிக்காரர், காவலாளியின் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியின் மடியில் மருந்துப் பை.

பாதுகாப்புப் பரிசோதகர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டால் அவர் மேலே போகலாம்.

மெக்கானிக் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். பதினான்கு வருட அனுபவம். அவர் டெஃபனட்லி என்றதுமே கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது.

"அவரே டெஃபனட்லின்னு சொல்லிட்டாரு. அப்புறம் என்னம்மா, போடுங்க" என்றார் குடியிருப்புச் செயலாளர்.

அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்கு 'ஐயத்துக்கு இடமின்றி' என்று பொருள் இருக்கும். நான் படித்தது இயற்பியல். கயிற்றை அளந்தால் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று எழுதுவேன். டெஃபனட்லி பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று எழுதியதில்லை. அளந்தவருக்கு எண் போதும்.

பார்த்தவருக்கு 'பார்த்தேன்' போதும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. சிலருக்கு வெறும் வாய்ப்பழக்கம். செயலாளர் காலையிலிருந்து ஏழு முறை சொல்லிவிட்டார், டீ வரும் என்பது உட்பட. டீ வரவில்லை.

இவர் அப்படியில்லை. இவர் அந்தச் சொல்லை எப்போது எடுப்பார் என்று எனக்குத் தெரியும்.

"மேல போய் ஒரு தடவை பாத்துடலாம்ணே" என்றேன். என் குரல் பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. ஆனால் பேனாவை மூடினேன். அது எல்லோருக்கும் தெரிந்தது.

"மறுபடியுமா?" என்றார் எட்டாம் மாடிக்காரரின் மனைவி. "பேசாம ரெண்டு கட்டிலை இங்கயே இறக்கிடுங்க. இன்னும் ரெண்டு நாள் ஏறினா எனக்கும் முட்டி ஆபரேஷன்தான்."

யாரோ சிரித்தார்கள். "சின்னப் பொண்ணை அனுப்பினா இப்படித்தான்" என்றது இன்னொரு குரல்.

மெக்கானிக்கின் சிரிப்பு போய்விட்டது. அருகில் வந்து, பல்லிடுக்கில் பேசினார்.

"மேடம், இந்த வருஷம் ஏற்கெனவே ரெண்டு சிவப்பு வாங்கியாச்சு."

அறிக்கையில் குறை பதிவானால் சிவப்பு. மூன்றாவது சிவப்புக்கு ஆறு மாதம் உரிமம் போகும். அதாவது ஆறு மாதம் வேலை இல்லை.

"தெரியும்ணே. வாங்க."

பன்னிரண்டு மாடி. படிவழியே ஏறினோம். எட்டாவது வரை அவர் முன்னால் போனார். அதற்குமேல் நான்.

மொட்டைமாடி அறையில் இருந்தது அந்தச் சக்கரம். லிஃப்ட் வேகம் மீறி இறங்கினால் பிடித்து நிறுத்துவது அதுதான். அதன் கொக்கி கம்பியால் கட்டப்பட்டிருந்தது. பழுது பார்க்கும்போது கொக்கி சும்மா சும்மா விழாமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள். முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

கம்பிமேல் தூசி படிந்திருந்தது.

அவர் கட்டரை எடுத்தார். கம்பியை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆளில்லாத லிஃப்டை ஓடவிட்டுச் சோதித்தோம். கொக்கி விழுந்தது. லிஃப்ட் அப்படியே நின்றது. இன்னும் இரண்டு முறை செய்யச் சொன்னேன். இரண்டு முறையும் நின்றது.

கீழே வந்து கையெழுத்துப் போட்டேன்.

செயலாளர் விடவில்லை. "இப்ப டெஃபனட்லி சேஃப்தானே?"

"போகலாம் சார்."

எட்டாம் மாடிக்காரர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து உள்ளே போனார். அவர் மனைவி மருந்துப் பையோடு பின்னால் போனார். கதவு மூடியது. கதவுக்கு மேலே எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. எட்டில் நின்றது. மேலே எங்கோ கதவு திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

கண்ட குறை. எழுதினேன்.

பொறுப்பான மெக்கானிக்கின் பெயர். சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதலெழுத்தை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் பெயருக்கு முன்னாலும் அதே எழுத்துதான்.

வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் நாட்களில், பின்கதவைச் சாத்தினாயா என்று அம்மா தெருமுனையில் நின்று கேட்பாள். சாத்தியிருந்தால் அண்ணன் "சாத்தினேன்" என்பான். இல்லையென்றால் "டெஃபனட்லி" என்பான். திரும்பி ஓடிப் பார்த்துவிட்டு வருவது எப்போதும் நான்தான்.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். 'மேடம்' என்பதை விட்டுவிட்டான்.

"அம்மா கேட்டா என்னடி சொல்லப்போற?"

"பாத்தேன்னு சொல்வேன்."