மூணாவதே போதும்

“பதினாலாம் அத்தியாயத்துல மீனச்சில் ஆத்துல மூழ்கிச் செத்த பைலிச்சன், முப்பத்தொண்ணாம் அத்தியாயத்துல நிச்சயதார்த்தத்துக்கு வந்து ரெண்டு தடவை வாத்துக்கறி வாங்கித் தின்னிருக்கான். எப்படி சார்?”

எடிட்டர் ஜோஜி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தொம்மிச்சனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கோட்டயத்தில் அந்த வாரப் பத்திரிகைக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தொடர்கதை எழுதுகிறவர் அவர். இப்போது மேஜையில் ஒரு கட்டு வாசகர் கடிதம் கிடந்தது. ‘ஆத்துலேர்ந்து வந்தவருக்கு முதல்ல ஒரு துண்டு கொடுங்க, நனைஞ்சிருப்பார்’ என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

“ஒரே ஒரு வாரம் சறுக்கிடுச்சு,” என்றார் தொம்மிச்சன்.

“அந்த வாரம் பார்த்து ஏலியாம்மா சேச்சியும் கண் ஆபரேஷனுக்கு லீவு. போகட்டும். ஆனா இன்னொரு தடவை இப்படி வந்தா ‘முற்றும்’ போட்டுடச் சொல்லி முதலாளி உத்தரவு சார்.”

அதற்கு ஜோஜியே ஒரு வழியும் வைத்திருந்தார். கதையின் எலும்புக்கூட்டை முன்னாடியே அடுக்கி வைக்கிற மென்பொருள். யாருக்கு யார் உறவு, யார் உயிரோடு இருக்கிறார், எந்த அத்தியாயத்தில் என்ன நடந்தது, எல்லாம் அதில் இருக்கும். அத்தியாயத்தையும் இனி எழுத்தாளர்களே நேராக அதில் டைப் செய்ய வேண்டும். மூன்று மென்பொருள் பார்வைக்கு வந்திருந்தன. எதை வாங்கலாம் என்று சொல்ல வேண்டியவர் ஏலியாம்மா. இதுவரை எழுத்தாளர்களின் கையெழுத்தைப் படித்து டைப் செய்வதும், பிழை திருத்துவதும் அவர்தான்.

முதலாவதைத் திறந்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டை. ஆள் செத்தால் அட்டை கறுப்பாகிவிடும்.

தொம்மிச்சன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “இது போதுமே! இது இருந்தா பைலிச்சன் ஆத்தைவிட்டு வெளியே வந்திருப்பானா?”

ஏலியாம்மா புதுக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திரையின் ஓர் ஓரத்தைத் தொட்டார். நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது.

“இது என்ன மோனே?”

“அதுதான் சேச்சி இதோட விசேஷமே! யார் எப்ப மாத்தினாங்க, முன்னாடி என்ன இருந்துச்சு, எல்லாம் தேதியோட நிக்கும். என் மேஜையிலேர்ந்தே பார்த்துக்கலாம்.”

“வேண்டாம். எழுத்து பொடிசா இருக்கு.”

“பெருசாக்கிக்கலாமே?”

“கண்ணு கூசுது.”

இரண்டாவது இன்னும் கெட்டி. முரண்பாடுகளை எண்ணிச் சொன்னது. பழைய வரியைச் சிவப்பிலும் திருத்திய வரியைப் பச்சையிலும் பக்கம் பக்கமாக நிறுத்தியது.

“பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கு. எடு.”

மூன்றாவதில் படமும் இல்லை, நிறமும் இல்லை. வரிக்குக் கீழே வரி, அவ்வளவுதான். ஏலியாம்மா ஒரு வரியை டைப் செய்து, அழித்துப் பார்த்தார்.

“பொண்ணு பார்க்கப் போன மாதிரி எல்லாத்துக்கும் குத்தம் சொல்லிட்டு, கடைசியில இந்த மொட்டையையா சேச்சி?”

“மொட்டைன்னா பேன் தொல்லை இல்லை. மூணாவதே போதும்.”

ஜோஜி தலையில் அடித்துக்கொண்டார். “சரி, உங்க இஷ்டம். சார் பிழை இல்லாம எழுதினா ஐம்பது அத்தியாயம் வரைக்கும் போகட்டும்.” போன் வர, வெளியே போனார்.

தொம்மிச்சனுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தக் கறுப்பு அட்டை அவரைக் காப்பாற்றியிருக்கும். இந்த அம்மாள் தட்டிவிட்டாள். ஏன் என்று தெரியாதா? மெஷினே பிழையைப் பிடித்துவிட்டால் பிழை திருத்துகிறவள் எதற்கு?

“வேலை போயிடும்னு பயமா இருந்தா நேரா சொல்லியிருக்கலாமே ஏலியாம்மே. அதுக்கு என் கதையையா காவு கொடுக்கணும்?”

ஏலியாம்மா வாசலை ஒரு தடவை பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

தொம்மிச்சனுடைய கையெழுத்து. மேலே இருந்தது அடுத்த வாரத்து அத்தியாயம். அதில் ‘பைலிச்சன்’ என்பதைப் பென்சிலால் அடித்து ‘பைலிச்சனின் தம்பி’ என்று எழுதியிருந்தது. ‘ரீத்தா’வை அடித்து ‘சிசிலி’. ரீத்தா போன தொடர்கதையின் நாயகி.

அதற்குக் கீழே போன வாரத்து அத்தியாயம். அதற்கும் கீழே அதற்கு முந்தையது. எல்லாவற்றிலும் பென்சில்.

அச்சானதைத் திரும்பப் படிக்கிற வழக்கம் தொம்மிச்சனுக்கு என்றைக்குமே கிடையாது.

“எத்தனை நாளா?” குரல் இறங்கிவிட்டது.

“ரெண்டு வருஷம் இருக்கும். டைப் பண்ணும்போதே மாத்திடுவேன். நான் இல்லாத அந்த ஒரு வாரம்தான் பைலிச்சன் தப்பிச்சு வந்துட்டான்.” காகிதத்தை உள்ளே வைத்துப் பூட்டினார். “திங்கக்கிழமை கண்ணைக் காட்டப் போறேன். அதே ஆஸ்பத்திரியில மறதிக்கும் டாக்டர் இருக்கார். கூட வாங்க.”

ஆறிப்போன பழம்பொரித் தட்டை அவர் பக்கம் தள்ளினார். தொம்மிச்சன் ஒன்றை எடுத்துக் கடித்தார். காலையிலிருந்து அவர் வாயில் வைத்த முதல் உணவு அதுதான்.

“அந்தக் கறுப்பு அட்டையை வாங்கியிருந்தா உங்களுக்குப் பாதி வேலை மிச்சமாச்சே?”

“மிச்சம்தான்,” என்றார் ஏலியாம்மா. “ஆனா மூணாவதுலதான், அழிச்சா அழிஞ்சுடுது சாரே.”