ஒட்டும் உறவும்

அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டு டீச்சரம்மா பேனாவைத் திறந்தார். முதியோர் இல்லத்தின் புது மேனேஜருக்குச் சுருக்கென்றது.

அவருடைய இங்கிலீஷில் இதுவரை யாரும் கை வைத்ததில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் நேற்று, ஆறாம் அறைப் பெரியவர் நடைபாதையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, வீட்டுக்கும் சொல்லியாயிற்று என்று நர்ஸ் சொன்னார். மேனேஜர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் கவலையெல்லாம், மதியத்துக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய இங்கிலீஷ் அறிக்கையைப் பற்றித்தான்.

அங்கே போகும் எதுவும் டீச்சரம்மா பார்த்த பிறகே போகும். ஓய்வு பெற்ற இங்கிலீஷ் ஆசிரியை. காசு வாங்காமல் வந்து திருத்திக் கொடுப்பவர். இன்று அவர் வருகிற நாள் இல்லை. ஆனாலும் காலையிலேயே வந்துவிட்டார், கசங்கிய உடையும் வாராத தலையுமாக.

ஏன் வந்தார் என்பது மேனேஜருக்குப் புரியாமல் இல்லை. கதவுக்கு வெளியே, தரை துடைக்கிற அக்கா சுவரோடு சுவராக நின்றிருந்தாள். அவள்தான் போன் போட்டு அழைத்திருப்பாள். அவளுடைய கவனக்குறைவு என்று அறிக்கை சொன்னால் இன்றோடு அவளுக்கு வேலை இல்லை. அவள் வீட்டில் உலை கொதிப்பது அந்தச் சம்பளத்தில்தான்.

டீச்சரம்மா ஒரு வரியில் 'ஆஸ் எ ரிசல்ட்'டை அடித்தார். அடுத்த வரியில் 'தேர்ஃபோர்' போனது.

மேனேஜர் முதலில் பொறுமையாகத்தான் கேட்டார். வாக்கியங்கள் சங்கிலி மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே எல்லாருக்கும் வகுப்பு எடுத்ததே டீச்சரம்மாதானாமே. அதைத்தானே நானும் செய்திருக்கிறேன் என்றார். நடைபாதையைத் துடைத்தாள். அதன் விளைவாகத் தரை வழுக்கியது. ஆகவே பெரியவர் விழுந்தார். இதில் எங்கே பிசிறு?

"பிசிறே இல்லை சார். அதான் பயமா இருக்கு."

பெரியவர் விழுந்ததை யார் பார்த்தது என்று கேட்டார் டீச்சரம்மா. யாரும் பார்க்கவில்லை. தூக்கும்போது தரை ஈரமாக இருந்ததா? அந்தப் பதற்றத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவர் துணி நனைந்திருந்ததா? அதுவும் தெரியவில்லை. பெரியவரையே கேட்டுவிடலாமே என்றார் மேனேஜர்.

"அவருக்குக் காலைல சாப்பிட்டதே நினைவுல நிக்காது" என்றார் டீச்சரம்மா மெதுவாக.

"அவ துடைச்சா, அதுக்கப்புறம் அவர் விழுந்தார். நடந்த வரிசையிலதானே எழுதியிருக்கேன்?"

"காக்கா உட்கார்ந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. அதுவும் வரிசைதான்."

மேனேஜர் சிரிக்கவில்லை. டீச்சரம்மாவும் சிரிக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

"ஒட்டு வேற, உறவு வேற சார். இந்த வார்த்தைங்கல்லாம் பசை. எதையும் எதோடயும் ஒட்டிடும். படிக்கிறவன் தடுக்காம போய்க்கிட்டே இருப்பான், எங்கயும் நின்னு அப்படியான்னு கேக்க மாட்டான். உள்ளே உறவு இருக்கான்னு எழுதறவன்தான் பாக்கணும்."

"அப்ப அவ மேல தப்பே இல்லைங்கறீங்க."

"இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத இடத்துல ஆகவேன்னு எழுதினா, அதுக்கு அவ பொழப்பு போகும்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளை இழுத்துத் தானே எழுதினார். காலையில் நடைபாதை துடைக்கப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன் பெரியவர் அங்கே விழுந்து கிடந்தார். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. தரை ஈரமாக இருந்ததா என்று தெரியவில்லை. அவரைப் பிடித்து நடத்தும் உதவியாளர் அப்போது உடன் இல்லை.

கடைசி வரியைப் படித்ததும் மேனேஜரின் முகம் மாறியது. அந்த உதவியாளரை நேற்றுக் காலை ஸ்டோர் ரூம் அடுக்க அனுப்பியவர் அவர்தான். இதையும் எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டார்.

"நடந்ததுதானே சார். ஆனா பாருங்க, அதுக்கு முன்னாடியும் நான் ஆகவே போடலை."

மேனேஜர் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் அவருக்கு ஆறவில்லை.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வெளியே நிக்கிறவளுக்காகப் பேச நீங்க ஓடி வந்துட்டீங்க. ஆஸ்பத்திரில கிடக்கிறவருக்குப் பிள்ளையா, குட்டியா? ஏன்னு கேக்க ஒரு நாதி இல்லை. அந்த வலி உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இவ்வளவு நிதானமா எழுத வந்திருக்காது."

டீச்சரம்மா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. எடுத்து மறுபடியும் மூடினார்.

நர்ஸ் அவசரமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டீச்சரம்மா, கிளம்புங்க. ஐயாவை ஆபரேஷனுக்குக் கொண்டு போறாங்களாம். சம்சாரம் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆரம்பிப்பாங்களாம்."